உப்புப் பார்த்த படம்

எங்கள் குடியிருப்பில் யாரும் சும்மா கிளம்பிப் போய்ப் படம் பார்த்துவிட மாட்டோம். முதலில் ஒருவரை அனுப்பி உப்புப் பார்ப்போம். அந்த வேலை மருந்துக்கடைக்காரருடையது. வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்குக் கடையைத் தம்பியின் தலையில் கட்டிவிட்டுத் தெருமுனைத் தியேட்டருக்குப் போவார். திரும்பி வந்து இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் நிற்பார். எங்கள் லிஃப்ட் ஓடுவதைவிட நிற்பது அதிகம் என்பதால், எல்லோரும் எப்படியும் அந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றுதான் ஆகவேண்டும்.

அவரிடம் மூன்று கேள்விகள்தான் கேட்கலாம். சிரிப்பு உண்டா? குடும்பத்தோடு பார்க்கலாமா? தூக்கம் வருமா? கதையைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை தையல்காரம்மா கொலை செய்தது யார் என்று சொல்லித் தொலைத்ததில், ஆறு மாதம் இந்தக் கட்டடத்தில் ஒருத்தியும் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தது இந்தச் சட்டம். போட்டவர் முதல் மாடி ஜட்ஜ். ஜட்ஜ் என்றால் நிஜ ஜட்ஜ் இல்லை. கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். ஊரார் தீர்ப்பையெல்லாம் காலம் முழுக்க டைப் அடித்தவருக்குச் சொந்தமாக ஒன்றிரண்டு சொல்ல ஆசை இருக்காதா?

நான் சொல்ல வந்த படத்துக்கும் மருந்துக்கடைக்காரர் அப்படித்தான் போய் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறினார்.

"சிரிப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"வயிறு வலிக்குதுங்க."

"குடும்பத்தோட?"

"குடும்பத்தோடதான் பார்க்கணும்."

"தூக்கம்?"

"கண்ணை மூடினா நஷ்டம்."

இவ்வளவுதான். கண்ணைத் துடைத்தது சிரித்ததனாலா வேறு எதனாலா என்று நான்காவதாக ஒரு கேள்வி எங்கள் சட்டத்தில் கிடையாது.

அதைக் கேட்டுத்தான் தையல்காரம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. "இந்தத் தடவை லிஃப்ட்காரர் வீட்டையும் இழுத்துக்கிட்டுப் போவோம். பாவம், ரெண்டு பேரும் சிரிச்சுப் பார்த்தே எத்தனை நாளாச்சு?"

லிஃப்ட்காரரும் அவர் மனைவி டீச்சரும் மூன்றாம் மாடியில் எனக்கு அடுத்த வீடு. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவர் கைபட்டால் எழுந்து ஓடும், எங்கள் கட்டடத்து லிஃப்டைத் தவிர. வைத்தியன் வீட்டு நோயாளி கதைதான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்களுக்கு ஒரே பையன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த பிள்ளை. படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவான். அந்தச் சத்தத்துக்காக அவனை நான் திட்டாத நாள் கிடையாது.

அதன் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. சண்டை இருந்தாலாவது எனக்குப் பொழுது போயிருக்கும். காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் மூடும் சத்தம், மாலையில் இரண்டு சாவி திரும்பும் சத்தம், அவ்வளவுதான். அடுக்களையில் நின்றால் எனக்கு எல்லாம் கேட்கும். அவர்கள் அடுக்களை ஜன்னலும் என்னுடையதும் ஒரே சந்துப் பக்கம் திறக்கின்றன. கட்டடம் கட்டியவன் செய்த தப்புக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். டீச்சர் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "எல்லாரும் கூப்பிடறாங்க, போயிட்டு வந்துடலாம்" என்று லிஃப்ட்காரர் சொன்னதற்காக வந்தாள். சுவரோரக் கடைசியில் அவர்கள் இருவர், அவர்களுக்கு இந்தப் பக்கம் நான்.

படத்தில் ஒரு பள்ளி வேன் டிரைவர். எப்போதும் அசட்டுப் பேச்சு. பாதி அரங்கம் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கிறது. அரை மணி நேரம் கழித்து அவருடைய மகன் பைக்கில் போய் அடிபட்டுச் சாகிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசையில் அந்தக் கோடியில் மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் யாருக்கும் டீச்சர் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. நான் மட்டும் திரும்பினேன். கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

படம் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தது. மகன் பேரில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்த அப்பா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். போன் கம்பெனியில் ஒரு சின்னப் பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்தாத்தான் நம்பரை நிறுத்த முடியும், சார்."

"அவன் வரமாட்டான்மா."

"ஊர்ல இல்லையா?"

"இல்ல."

"எப்ப வருவார்?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்தா நானே கூட்டிட்டு வரேன்" என்கிறார்.

அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் உச்சுக் கொட்டினார்கள். அதற்கு நடுவே ஒரு சிரிப்பு வெடித்தது. பாறையில் தகரத்தை இழுத்தது போல ஒரு சிரிப்பு. நாற்காலிக் கையை அடித்து அடித்து, மூச்சு முட்டி, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நிற்காத சிரிப்பு. யாரென்று பார்த்தால் நம் லிஃப்ட்காரர்.

டீச்சர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். எழுந்தாள். எங்கள் எல்லோர் முழங்காலையும் இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி வெளியே போனாள். அவர் பின்னாலேயே ஓடினார். அப்போதும் அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை, அதுதான் கொடுமை.

மறுநாளிலிருந்து படித் திருப்பத்தில் கோர்ட் கூடியது.

"பெத்தவங்க வயித்தெரிச்சலைக் காசாக்கறதுக்குப் பேரு காமெடியா? தடை பண்ணணும் இந்தப் படத்தை" என்றார் ஜட்ஜ்.

"செத்த வீட்டுல நீங்க சிரிச்சதே இல்லையா? உங்க அண்ணன் போனப்ப, பெட்டியைப் படியில இறக்கத் தெரியாம நீங்க அஞ்சு பேரும் மாட்டிக்கிட்டு நின்னீங்களே, அப்ப நான் வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடினேன்" என்றாள் தையல்காரம்மா.

"அது வேற."

"என்ன வேற? அதையே படம் எடுத்தா நான் ரெண்டு தடவை பார்ப்பேன்."

"அப்பவே தெரியும், சாவுல சிரிக்கிற ஜாதி நீ!"

"அழுதுக்கிட்டே இருந்தா யாரு தைக்கிறது? ஊசியில நூல் கோக்க முடியுமா?"

மருந்துக்கடைக்காரர் சுவரோடு சுவராக நின்றார். அவரைப் பிடித்துக்கொண்டோம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கதையைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? கேட்ட மூணு கேள்விக்கும் நான் பொய் சொல்லலையே!" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "அவங்களையும் கூட்டிட்டுப் போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை பூரா நான் கடையிலதானே இருந்தேன். ஞாயித்துக்கிழமையும் லைட்டை அணைச்ச பிறகுதானே உள்ள வந்தேன்" என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அவருடைய கடையில்தான் அந்தப் பையனுக்குக் கடைசியாகக் காய்ச்சல் மாத்திரை வாங்கினார்கள்.

இப்படி மூன்று நாள். படம் நல்லதா கெட்டதா, அந்த இயக்குநர் பிள்ளை பெற்றவனா இல்லையா, இடைவேளைக்கு முன் நன்று பின் மோசமா என்று ஆளுக்கொரு பக்கம் பிளந்தோம். ஒருவர் கூட மூன்றாம் மாடிக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டி வருமே.

உள்ளே நிலைமை வேறு. ஞாயிறு இரவிலிருந்து டீச்சர் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கள்கிழமை தங்கையிடம் போனில் பேசியது எனக்குக் கேட்டது. சனிக்கிழமை தங்கை வீட்டுக்காரர் கார் கொண்டுவருவாராம். "கொஞ்ச நாளைக்கு இல்ல, மொத்தமா வரேன்" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலை ஒட்டி நின்றேன். இரண்டு டிபன் பாக்ஸ் சத்தம் ஒன்றாகிவிட்டால் அந்த மனுஷர் என்ன ஆவார்?

புதன்கிழமை மாலை, சர்க்கரை இரவல் கேட்கும் சாக்கில் போனேன். என் வீட்டு டப்பா நிறைய சர்க்கரை இருந்தது டீச்சருக்கும் தெரியும். போன வாரம்தான் அவள் என்னிடம் வாங்கிப்போனாள். ஆனாலும் ஒரு கிண்ணம் அளந்து கொடுத்தாள். கட்டிலின் மேல் பெட்டி திறந்திருந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க" என்றாள்.

"கொஞ்சம் காதுல விழுந்துச்சு."

"உங்களுக்குக் கொஞ்சம் விழுந்தா ஊருக்கு மொத்தமும் விழுந்திருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட ஒரு நாளும் அழல அக்கா அவரு. ஒரே ஒரு நாள் கூட. நான் அழுதா எழுந்து போயிடுவாரு. சரி, ஆம்பளைங்க சுபாவம்னு விட்டேன். அங்க போய் நாலு பேர் முன்னாடி சிரிக்கிறாரே, அப்ப நான் யாரோட இருந்திருக்கேன் இத்தனை நாளும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நம்புங்கள், எனக்கும் அப்படி நேர்வதுண்டு.

"அவரு எதுக்குச் சிரிச்சாரு? நான் கண்ணை மூடிட்டேன், ஒண்ணும் காதுல ஏறல. நீங்க பார்த்தீங்கள்ல, சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பெண் என்ன கேட்டாள், அப்பா என்ன சொன்னார் என்று என்னால் முடிந்தவரை நடித்தே காட்டினேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா சிரிப்பு வரலையேக்கா."

"எனக்கு ஜோக் சொல்ல வராதும்மா. என் வீட்டுக்காரர் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றாரு."

"படம் இன்னும் ஓடுதா?"

"நாளையோட எடுக்கறாங்க."

வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டாள். நானும் கூடப் போனேன். கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள். மதியக் காட்சியில் கூட்டமே இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் ஏசிக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கோ பின்னால் ஒருவன் பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கினான். டீச்சர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல, சற்று முன்னால் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அந்தப் பையன் சாகும்போது என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கும் பிடி.

போன் கம்பெனிக் காட்சி வந்தது. "எப்ப வருவார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. காலி அரங்கத்தில் நகைச்சுவையைக் கேட்பது, ஆள் இல்லாத வீட்டில் அழைப்பு மணி அடிப்பதைக் கேட்பது மாதிரி.

டீச்சர் என் கையை விட்டாள். "அக்கா" என்றாள் மெதுவாக. "எங்க பையன் நம்பரை யாரு நிறுத்தினா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அவன் போனைச் சார்ஜ் போட்டு வச்சு, நான் தினம் அந்த நம்பருக்குப் போன் போடுவேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், நானும் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் திடீர்னு உபயோகத்துல இல்லைன்னு குரல் வந்துச்சு. கம்பெனிக்காரனே நிறுத்திட்டான்னு நெனச்சேன்." திரையைப் பார்த்தபடியே பேசினாள். "அவன் பைக்கு யார் பேர்ல மாறிச்சு? பேங்க் கணக்கு என்னாச்சு? ஆபீஸ்ல அவன் டிராயரைக் காலி பண்ணது யாரு? நான் ஒண்ணும் கேட்கல. கேட்கத் தோணவே இல்ல பாருங்க."

மீதிப் படத்தை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. படம் எப்படி முடிகிறது என்று அன்றைக்கும் நான்தான் பார்த்து வைத்தேன். சுமாராகத்தான் முடிகிறது.

அன்று மாலை அடுத்த வீட்டுச் சாவி திரும்பியபோது நான் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் அப்போதே சுத்தமாகத்தான் இருந்தது.

"படத்துக்குப் போனேன்" என்றாள் டீச்சர்.

டிபன் பாக்ஸை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"போன் கம்பெனியில உங்களையும் அப்படித்தான் கேட்டாங்களா?"

வெகுநேரம் குழாய்த் தண்ணீர் சொட்டும் சத்தம்தான் கேட்டது. என் வீட்டுக் குழாயா அவர்கள் வீட்டுக் குழாயா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு லிஃப்ட்காரர் பேச ஆரம்பித்தார். அந்த மனுஷர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"அச்சு அசல் அதையேதான் கேட்டா. சார் ஊர்ல இல்லையான்னா. இல்லன்னேன். எப்ப வருவார்ன்னா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. பின்னாடி வரிசையா ஆளுங்க நிக்கறாங்க, அங்க சிரிக்க முடியுமா? பைத்தியக்காரன்னு நெனப்பாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன். அப்புறம் சிரிப்பும் வரல, எதுவும் வரல. அந்தப் படத்துல அவ கேட்டதும், அன்னிக்கு நின்னுபோனது மொத்தமா வந்துடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஒரு வாய் சோறு இறக்கவே அத்தனை நாளாச்சு. அதுல போய் நம்பர் நிறுத்தறேன், கணக்கை மூடறேன்னு எப்படிச் சொல்றது? நானே முடிச்சிடலாம்னு…"

"நான் அவன் அம்மாங்க." குரல் உடைந்தது. "ஒவ்வொரு எடத்துலயும் அவன் பேரை அடிச்சிருக்காங்க. நீங்க தனியா நின்னு பார்த்துட்டு வந்திருக்கீங்க. நானும் பக்கத்துல நின்னிருக்க வேணாமா? எனக்கு அது வேணாம்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க?"

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சண்டை அது. நன்றாகவே திட்டினாள். நான் பாத்திரத்தை வைத்துவிட்டேன்.

கடைசியில் கேட்டாள்: "இன்னும் எது பாக்கி?"

"ஜிம் மட்டும்தான். மூணு வருஷச் சலுகைன்னு சேர்ந்தானே. ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"கண்ணாடி போட்ட எடம். உள்ள பூரா அவன் வயசுப் பசங்க."

யாரோ குழாயை இறுக்கி மூடும் சத்தம்.

"சனிக்கிழமை லீவு போடுங்க. ரெண்டு பேருமாப் போவோம்."

"சனிக்கிழமை உன் தங்கச்சி வீட்டுக்காரர் கார் கொண்டு வர்றாராமே?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"படியில நின்னா தானா காதுல விழுது."

என்னைத்தான் சொல்கிறார். போகட்டும்.

சனிக்கிழமை காலை தங்கை வீட்டுக்காரர் காரோடு வந்தார். மூன்று மாடி ஏறி, பூட்டிய கதவைப் பார்த்து, ஒரு மாடி இறங்கி, படித் திருப்பத்தில் ஜட்ஜிடம் மாட்டிக்கொண்டார். அவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஜட்ஜ் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அவர் போட்ட சட்டம் அவருக்கு மட்டும் பொருந்தாது போலிருக்கிறது. "கேட்க நல்லாத்தானே இருக்கு?" என்று அந்த அப்பாவி சொல்லித் தொலைக்க, தையல்காரம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரரும் கடையை விட்டு வந்தார். தெருமுனைத் தியேட்டரில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டி ஒரு நாள் ஆகிவிட்டது. இங்கே மட்டும் அது இரண்டாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் அவர்கள் இருவரும் படியேறி வந்தார்கள். முதலில் டீச்சர், இரண்டு படி பின்னால் லிஃப்ட்காரர். டீச்சர் கையில் மடித்த பச்சைத் துண்டு ஒன்று. ஒரு மூலையில் ஜிம்மின் பெயர் போட்டிருந்தது. சட்டென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். தங்கை வீட்டுக்காரர் எழுந்து நின்று, "கிளம்பலாங்களா அண்ணி?" என்றார்.

"இன்னிக்கு இல்லீங்க. வந்ததுக்கு ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "போன காரியம் என்னம்மா ஆச்சு?"

டீச்சர் படித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றாள். "நிறுத்த முடியாதாம். விதியில எடமில்லையாம். ஆனா ரத்த சொந்தமா இருந்தா பேரு மாத்தலாமாம். ஜிம்முல உக்காந்திருந்த பையன் ரொம்ப மரியாதையாப் பேசினான். எடை பார்த்தான். முழங்கால் வலி உண்டான்னு கேட்டான். மீதி மாசத்தை என் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டான். துண்டு இலவசமாம். திங்கள்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கான்."

நான் உதட்டைக் கடித்தேன். மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஜட்ஜ் தொண்டையைச் செருமினார், அது சிரிப்பில் போய் முடியப் பார்த்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. லிஃப்ட்காரர் மட்டும் மனைவியின் முதுகைப் பார்த்தபடி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்கக்கா" என்றாள் டீச்சர், அடுத்த படியில் காலை வைத்தபடி. "எனக்குத்தான் இன்னும் வரல."